எங்கள் ஊர் குப்பை எரிப்பு ஆலையின் காற்றுக் கண்காணிப்பு: புகைப்போக்கியில் நல்ல வேலை, வேலி ஓரத்தில் பாதி வேலை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, எங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பை எரிப்பு ஆலை பொதுமக்களுக்கென்று மூன்று சேவைகளை வைத்திருக்கிறது: வாயிலில் காற்று அளவுகளைக் காட்டும் மின்பலகை, நாற்றப் புகாருக்கு ஒரு வாட்ஸ்அப் எண், அவ்வப்போது மக்களை உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆலையின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். பக்கத்தில் இப்படி ஓர் ஆலை இருப்பவர்களும், வரப்போகிறது என்று கேள்விப்பட்டுக் கவலைப்படுகிறவர்களும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் மின்பலகை. தூசி, ஹைட்ரஜன் குளோரைடு, சல்ஃபர் டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் மோனாக்சைடு, உலையின் வெப்பநிலை எல்லாம் சிவப்பு எழுத்தில் ஓடும். புகைப்போக்கிக்குள் பொருத்திய கருவிகள் இடைவிடாமல் அளந்து அனுப்பும் எண்கள் இவை. நான் முதலில் பார்ப்பது வெப்பநிலையையும் கார்பன் மோனாக்சைடையும்தான். எரிந்த வாயு குறைந்தது 850 பாகை செல்சியஸில் 2 விநாடியாவது இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அடிப்படை விதி, அப்போதுதான் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் உடைந்து போகும். கார்பன் மோனாக்சைடு திடீரென்று ஏறினால் உள்ளே சரியாக எரியவில்லை என்று பொருள். நம் மலேசிய நாட்டுக் குப்பையில் சாப்பாட்டுக் கழிவு அதிகம், ஈரமும் அதிகம். நாலு நாள் விடாமல் மழை பெய்த பிறகும், டுரியான் பருவத்தில் தோல் மூட்டை மூட்டையாக வரும்போதும் பலகையில் அந்த எண் ஆடுவதை வாயிலில் நின்றே பார்க்கலாம்.

டையாக்சின் எண் பலகையில் இல்லை. மறைக்கிறார்கள் என்று ஒட்டுக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், அது சரியில்லை. டையாக்சினைக் கார்பன் மோனாக்சைடு போல நேரடியாகப் பலகையில் ஓடவிட முடியாது. புகைப்போக்கியிலிருந்து பல மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் அளக்க வேண்டும். மலேசியாவின் 2014-ஆம் ஆண்டு சுத்தக் காற்று விதிமுறைகளில் குப்பை எரிப்பு ஆலைக்கான வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். அந்த ஆய்வு முடிவைத்தான் நாம் கேட்க வேண்டும். இங்கே அறிவிப்புப் பலகையில் 'லூலுஸ்' (மலாயில் தேர்ச்சி) என்று ஒரே வார்த்தை ஒட்டியிருந்தார்கள். தேர்ச்சி என்றால் எத்தனைக்கு எத்தனை? எண்ணோடு ஒட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம், இன்னும் ஒட்டவில்லை. அரை நட்சத்திரம் அங்கே போனது.

இனி நாற்றம். எங்கள் ஆட்களின் மூக்கைக் குறைத்து எடை போடக் கூடாது. பால்மரக் காலத்தில் ரப்பர் ஆலை நாற்றத்தில் வளர்ந்தவர்கள், பிறகு செம்பனை வந்ததும் எண்ணெய் ஆலைக் கழிவுக் குளத்தின் புளித்த நெடியோடு வாழ்ந்தவர்கள். குப்பை நாற்றம் வேறு, அதில் அழுகிய பழத்தின் இனிப்பும் முட்டை நெடியும் கலந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வார்கள். தாமானின் ஒரு பக்கம் எண்ணெய் ஆலை, மறுபக்கம் இந்த ஆலை என்பதால் இப்படிப் பிரித்துச் சொல்லத் தெரிவது புகார் கொடுக்கும்போது ரொம்ப உதவும்.

நான் இந்த விமர்சனத்தை எழுதுவதே அடுத்த விஷயத்தைச் சொல்லத்தான். நாற்றம் புகைப்போக்கியிலிருந்து வருவதில்லை. நாறும் பொருள்கள் உலைச் சூட்டில் எரிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வாயு சுண்ணாம்புத் தூள், ஆக்டிவேட்டட் கார்பன் எனும் கரித்தூள், துணிப்பை வடிகட்டி எல்லாவற்றையும் தாண்டித்தான் வெளியே போகிறது. நாற்றம் வருவது தரைமட்டத்தில்: லோரிகள் குப்பையைக் கொட்டும் கூடம், பெரிய குப்பைக் குழி, அடியில் வடியும் கருப்புத் தண்ணீர், அதைத் தேக்கிச் சுத்திகரிக்கும் தொட்டி, அப்புறம் சாலையில் ஒழுகிக்கொண்டு போகும் லோரி. ஆக, வாயிலில் இருக்கும் பலகை அளப்பது ஒன்று, நம்மைத் தூங்கவிடாமல் செய்வது இன்னொன்று. பலகையில் எல்லா எண்ணும் வரம்புக்குள் இருக்கும்போதே வீட்டில் சன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், இரண்டுமே உண்மைதான்.

உள்ளே அழைத்துக் காட்டிய நாளில்தான் இது தெளிவாக விளங்கியது. குழிக்கு மேலே இருக்கும் காற்றை விசிறி உறிஞ்சி, அதையே உலை எரிவதற்கான காற்றாகக் கொடுக்கிறார்கள். அதனால் குழி இருக்கும் கூடத்தில் காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். கதவு திறந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது என்பதுதான் ஏற்பாடு. அங்கிருந்த சுற்றுச்சூழல் அதிகாரி, நம் தமிழ்ப் பையன்தான், ஒரு டிஷ்யூத் தாளை நீளமாகக் கிழித்துக் கதவு இடுக்கில் பிடித்துக் காட்டினார். தாள் அப்படியே உள்பக்கமாக இழுபட்டுக் கதவோடு ஒட்டி நின்றது. லோரி ஒன்று வந்து பெரிய கதவு ஏறியதும் அதே தாள் தொங்கிப் போய், ஒரு நொடி எங்கள் பக்கம் திரும்பி ஆடியது. கதவு இறங்கியதும் மறுபடி உள்ளே இழுத்தது. எனக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு கதவு திறக்கிறதா என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

"அப்போ உலையை நிறுத்தினா என்ன தம்பி ஆகும்?" என்று கூட வந்த அக்கா ஒருவர் கேட்டார். நான் கேட்க நினைத்த கேள்வி அதுதான்.

"அப்போ உறிஞ்சுறது நின்னுடும்கா. தனி விசிறி போட்டு, கரி வடிகட்டி வழியா வெளியே விடணும்."

"அது இருக்கா?"

"இருக்குக்கா. ஆனா உலை இழுக்கிற அளவுக்கு இழுக்காது."

நேர்மையான பதில், அவருக்கு நன்றி. ஆண்டுப் பராமரிப்புக்கு உலையை நிறுத்தும் நாள்களில் குழியில் பழைய குப்பை கிடந்து புளிக்கும், உறிஞ்சும் பலம் குறையும், பலகையில் எண்ணுக்குப் பதில் கோடு மட்டும் ஓடும். நாங்கள் அதிகமாக அவதிப்பட்டது அந்த நாள்களில்தான். நிறுத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நிறுத்துவதற்கு முன்பே குழியைக் காலி செய்து, வரும் லோரிகளை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னோர் அரை நட்சத்திரத்தை இதற்காகக் குறைத்தேன்.

விடியற்காலையில்தான் நாற்றம் மோசம் என்று தாமானில் எல்லோரும் சொல்வார்கள், அதற்கும் காரணம் உண்டு. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடி போட்டது போல் இருக்கும். காற்று வீச்சும் இருக்காது. தரைமட்டத்தில் கிளம்பும் நாற்றம் மேலே போக வழியில்லாமல் அப்படியே செம்பனை மரங்களுக்கு இடையே பரவி வீடுகளுக்கு வரும். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனதும் கலைந்துவிடும். புகார் எண்ணில் எனக்கு இருந்த பெரிய குறையும் இதையொட்டித்தான். ஆரம்பத்தில் விடியற்காலை அனுப்பிய செய்திக்கு ஆள் வருவது பத்து மணிக்கு. வந்து நின்று முகர்ந்து பார்த்துவிட்டு நாற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். இப்போது இரவுப் பணி மேற்பார்வையாளரே வந்து பார்க்கிறார், இது உண்மையான முன்னேற்றம். ஆனால் நாளெல்லாம் உள்ளே இருப்பவரின் மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகிப் போயிருக்கும். அவர் இல்லை என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்கலாம். வெளியிலிருந்து ஒருவரைக் கூட அழைத்து வர வேண்டும். ஐரோப்பாவில் நாற்றத்தை அளக்கவே ஒரு தர அளவு வைத்திருக்கிறார்கள், இஎன் 13725 என்று பெயர். மாதிரிக் காற்றைச் சுத்தமான காற்றோடு கலந்து கலந்து தேர்ந்தெடுத்த சிலரை முகரச் செய்து, பாதிப் பேருக்குத் தெரியும் அளவை ஒரு அலகாக வைக்கிறார்கள். எத்தனை கருவி வந்தாலும் கடைசியில் மனித மூக்குதான் அளவுகோல். முட்டை நெடி தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நாம் கண்டுபிடித்துவிடுவோம்.

இணையத்தில் விற்கும் சின்னக் காற்றுத் தர மீட்டரைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அது லேசர் ஒளியில் தூசியை எண்ணும், பிஎம் 2.5 எனும் நுண்தூசியின் அளவைக் காட்டும், அவ்வளவுதான். நாற்றம் மூக்கைத் துளைக்கும் நேரத்தில் பச்சை விளக்கோடு நிற்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் சிவப்புக்குப் போகும். பனி இறங்கும் காலையில் ஈரத்தையும் தூசி என்று எண்ணி எண்ணைக் கூட்டிக் காட்டும். புகைமூட்டக் காலத்துக்கு வாங்கலாம், 2013-இல் ஜொகூரின் மூவார் நகரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டியது போன்ற நாள் மறுபடி வந்தால் வீட்டுக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்க உதவும். ஆலையின் மேல் புகார் கொடுக்க ஆதாரமாக இதை நம்ப வேண்டாம். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும்: ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், நாற்றத்தைப் பிடிக்காது. கனமான கரி வடிகட்டி இருந்தால்தான் பயன், மெல்லிய கருப்புத் துணி மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டுக் கரி என்று விற்பதற்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளிச் சாலையில் லோரிகள் குப்பைத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். படத்தோடு புகார் போனதும் லோரிகளின் அடித்தொட்டி வால்வைப் பரிசோதித்த பிறகே உள்ளே விடுகிறார்கள், வெளியே வரும்போது சக்கரத்தைக் கழுவி அனுப்புகிறார்கள். சாலை மாறிவிட்டது. இவ்வளவு சுலபமான வேலைக்கு இவ்வளவு பலன்.

புகார் படிவம் மலாயில் மட்டும் இருக்கிறது. பழைய தோட்ட லயத்து வீடுகளிலிருந்து வந்த பெரியவர்களுக்காக வாட்ஸ்அப்பில் தமிழில் குரல் செய்தி அனுப்பினாலும் ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். புகார் அனுப்பும்போது வெறுமனே நாறுகிறது என்று போடாமல் நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மாதிரி நாற்றம், வீட்டுக்குள் வந்ததா இல்லை வெளியில் மட்டுமா என்று எழுதுங்கள். அதே விவரத்தைச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கிடைக்காதது வேலி ஓரக் கண்காணிப்பு. தாமான் பக்க வேலியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் அளக்கும் கருவி, கூடவே காற்றுத் திசை காட்டும் கருவி, அந்த எண்களும் அதே மின்பலகையில் ஓட வேண்டும். பராமரிப்பு நிறுத்தத்தின் தேதியைக் கோவில் அறிவிப்புப் பலகையிலும் பள்ளியிலும் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். இரண்டையும் கடிதமாகக் கொடுத்திருக்கிறோம், வேலிக் கருவிக்கு விலைப்புள்ளி கேட்டிருப்பதாகப் பதில் வந்தது. கருவி வந்து எண் ஓட ஆரம்பித்தால் நட்சத்திரத்தை நாலாக மாற்றுவேன்.