மாடியில் இருக்கும் கணக்கு ஆபீஸ், செங்கோட்டை: நாலு ஸ்டார், ஒன்றைப் படிக்கட்டுக்காகக் குறைத்தேன்

ஆபீஸ் பெயரைப் போடவில்லை. போர்டிலேயே பாதி அழிந்துதான் கிடக்கிறது, தவிர ஆபீஸை நடத்துகிற அக்காவும் "ஜூலை மாசம் வர்ற கூட்டமே போதும் தம்பி, நீங்க வேற எழுதி ஆள் சேர்க்காதீங்க" என்று சொல்லிவிட்டார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. வருமான வரி ரிட்டர்ன், ஜிஎஸ்டி, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), மாதக் கணக்கு எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. ஊரில் எல்லோரும் ஆடிட்டர் ஆபீஸ் என்பார்கள். அக்கா ஆடிட்டர் இல்லை, ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது ஜிஎஸ்டி வேலைகளைச் செய்து தரப் பதிவு பெற்றவர். அதை அவரே திருத்துவார், தணிக்கை தேவைப்படுகிற அளவுக்குப் பெரிய தொழில் என்றால் தென்காசியில் ஒரு சிஏவிடம் அனுப்பிவிடுவார்.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன், வீட்டில் இருந்தே. பாதி வேலை தென்காசி, கடையநல்லூர் பக்கம், மீதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் புனலூர், கொட்டாரக்கரை ஸ்டூடியோக்களில் இருந்து வரும். ஹார்ட் டிஸ்க்கை யாராவது ரயிலில் வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள், நான் போய் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வேன். ஒரு ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, அதை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதில் முதல் நாலு வருஷம் சொந்தத் தொழில் என்றால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் முக்கால்வாசி தப்பு. இந்த ஆபீஸுக்குப் போன பிறகுதான் அது தெரிந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னை அந்தப் படி ஏற வைத்தது ஒரு வங்கி. வீட்டை எடுத்துக் கட்டக் கடன் கேட்டுப் போயிருந்தேன். ரிட்டர்ன் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்கு முன்னால் எனக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தது ஒரு பிரவுசிங் சென்டர். 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு, வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், ரொக்கம் என்றால் 8, கணக்குப் புத்தகமெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அப்படியே போட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வருஷ வரவு 7,20,000. லாபம் 43,200 என்று போட்டிருந்தது. வங்கி அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாச வருமானமா, வருஷ வருமானமா?" என்று கேட்டார். வருஷம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மாதம் 3,600 ரூபாய் சம்பாதிக்கிறவனுக்கு எந்த வங்கி வீட்டுக் கடன் தரும்?

அக்கா இதைக் கேட்டுவிட்டு, 6 சதவீதம் என்பது தரை, கூரை இல்லை என்றார். நிஜ லாபம் அதற்கு மேலே இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் மாதிரியான தொழில்களுக்கு 44ஏடிஏ என்று வேறு பிரிவு, அதில் வரவில் பாதியை லாபமாகக் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் ஆல்பம் டிசைன் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லாததால்தான் எனக்கு 44ஏடி. இன்னொன்றும் சொன்னார். இப்படி உத்தேச லாபம் காட்டிவிட்டால், லேப்டாப் வாங்கினேன், மானிட்டர் வாங்கினேன் என்று மறுபடி செலவைக் கழிக்க முடியாது, அந்தச் செலவெல்லாம் கழித்ததாகவே அர்த்தம். நானோ நாலு வருஷமாக மவுஸ் பேட் பில்லைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு பை நிறைய. அதை அப்படியே அவர் மேஜையில் கொட்டியபோது பக்கத்தில் இருந்த மர வியாபாரி ஒருவர் (பிரானூர் அறுவை மில்காரர் என்று நினைக்கிறேன், சட்டையெல்லாம் மரத்தூள்) "சுண்டல் வாங்கின பேப்பரையும் விடலையே நீரு" என்றார்.

அந்தப் பையை அக்கா குப்பையில் போடவில்லை. ஒவ்வொரு சீட்டாக எடுத்து, "இது உங்க துட்டா, தொழில் துட்டா?" என்று கேட்டார். பெட்ரோல் பில். ஸ்டூடியோவுக்குப் போனதா, கொழுந்தியாளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனதா? தெரியவில்லை. மொபைல் ரீசார்ஜ். வீட்டு கரண்ட் பில். தெரியவில்லை, தெரியவில்லை. அவருடைய மேஜையில் மரக்கட்டையில் நட்ட இரண்டு கம்பிகள் உண்டு, ஹோட்டல் கல்லாவில் பில் குத்தி வைப்பார்களே, அதே கம்பி. ஒன்றில் நீலப் பெயின்ட் அடித்திருக்கும், ஒன்றில் சிவப்பு. தொழில் செலவு நீலத்தில் குத்துவார், வீட்டுச் செலவு சிவப்பில். முக்கால் மணி நேரத்தில் சிவப்புக் கம்பி நிரம்பிவிட்டது, நீலத்தில் கால்வாசிகூட இல்லை. ஸ்டூடியோவில் வாங்கிய சம்பளத்தைவிட மூன்று மடங்கு வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வருகிறது, சரி. மானிட்டர் கேலிபரேஷன், சாஃப்ட்வேர் சந்தா, ஹார்ட் டிஸ்க், ஆடியில் சும்மா இருந்த நாட்கள், வராமல் போன பாக்கி, எல்லாம் கழித்தால் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அதிலும் பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது.

ஆடி என்றதும் ஞாபகம் வருகிறது. சொந்தத் தொழில் என்றால் இஷ்டப்பட்ட நாள் லீவு போடலாம் என்று நினைக்கிறவர்களை எங்கள் வீட்டுக்கு ஆவணியில் வந்து பார்க்கச் சொல்கிறேன். நமக்கு ஆடியில் கல்யாணம் இல்லை, மலையாளிகளுக்கு அவர்களுடைய கர்க்கடக மாசத்தில் இல்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நாட்கள். அந்த ஒரு மாசம் ஈ ஓட்டுவேன். அப்புறம் நம் ஆவணியும் அவர்கள் சிங்ஙமும் ஒன்றாகப் பிறக்கும், ஓணமும் சேர்ந்துகொள்ளும், இரண்டு பக்கத்து ஸ்டூடியோக்காரர்களும் ஒரே வாரத்தில் அவசரம் என்பார்கள். மார்கழியில் இங்கே ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால், கிறிஸ்துமஸ் கழிந்ததும் அந்தப் பக்கம் சர்ச் கல்யாணங்கள் ஆரம்பம். சம்பளத்துக்கு இருந்தபோது ஒரு முதலாளி, இப்போது பதினான்கு பேர், அதில் இரண்டு பேர் ராத்திரி பதினொரு மணிக்கு மலையாளத்தில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறவர்கள். ஆனால் எங்கள் அத்தைக்கு நான் இன்னமும் "வீட்லதானே இருக்கான்". ரேஷன் கடைக்கு, கேஸ் வரும்போது கதவு திறக்க, யாருக்காவது ஆஸ்பத்திரி டோக்கன் போட, எல்லாவற்றுக்கும் என் பெயர்தான். இதற்கு அக்காவிடமும் மருந்து இல்லை, அவருக்கும் இதே கதைதான்.

இனி எல்லைக்காரர்களுக்கு. இந்த ஆபீஸின் உண்மையான அருமை இங்கேதான் இருக்கிறது, சென்னையில் உட்கார்ந்து ஆன்லைனில் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு இந்த ஊர்ச் சிக்கல் புரியாது. புளியரை எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்கு வேலை செய்தால் முதல் ரூபாயில் இருந்தே ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும் என்று என்னிடம் ஆறேழு பேர் சொல்லியிருக்கிறார்கள். பழைய பயம் அது. 2017க்கு முன்னால் இந்த ரோட்டில் வணிகவரிச் செக்போஸ்ட் இருந்தது, லாரிக்காரர்கள் காத்துக் கிடப்பார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? அக்கா சொன்னது இது: நான் கொடுப்பது சேவை, சரக்கு இல்லை. சேவையை வேறு மாநிலத்துக்குக் கொடுத்தாலும் நாடு முழுக்க மொத்த வரவு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாத வரை பதிவு கட்டாயம் இல்லை. 2017 அக்டோபரிலேயே அந்த விலக்கு வந்துவிட்டது. நான் தயங்கித் தயங்கி மறுத்த கொல்லம் வேலைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, நிம்மதி என்று எழுந்தபோதுதான் கப் விஷயத்தை வாய்விட்டுவிட்டேன். மாப்பிள்ளை பெண் போட்டோ பதித்த வெள்ளைக் கப், ஆல்பத்தோடு சேர்த்துப் புனலூருக்கு அனுப்பலாம் என்று 36 கப் வாங்கி வைத்திருந்தேன், அச்சு மெஷினுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அக்கா பேனாவை வைத்துவிட்டார். கப் என்பது சரக்கு. சரக்கை மாநிலம் தாண்டி விற்றால், ஒரு கப் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், வரவு வரம்புக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. கைவினைப் பொருள் மாதிரி சிலவற்றுக்கு விலக்கு உண்டு, மெஷினில் அச்சடித்த கப்புக்கு இல்லை. பதிவு எடுத்துவிட்டுப் போகிறேனே என்றேன். எடுத்தால் கப்புக்கு மட்டும் இல்லை, ஆல்பம் டிசைன் பில்லுக்கும் 18 சதவீதம் போட வேண்டும். என்னிடம் வேலை கொடுக்கிற சின்ன ஸ்டூடியோக்களில் பாதிப் பேர் ஜிஎஸ்டி எடுக்காதவர்கள், அவர்களால் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அவர்களுக்கு நான் ஒரே நாளில் 18 சதவீதம் விலை ஏறிய ஆள். சின்ன வியாபாரிகள் குறைந்த விகிதத்தில் வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் போய் ஒண்டிக்கொள்ளலாமா என்றால், அதில் இருப்பவர் சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்கவே கூடாது. இதையெல்லாம் ஒரு ஓரத்தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் மலை என்று படம் வரைந்து காட்டினார். கப் அச்சை இப்போது புனலூர் ஸ்டூடியோவே பார்த்துக்கொள்கிறது, நான் டிசைன் ஃபைலை மட்டும் அனுப்புகிறேன். அந்த 36 கப்பில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் டீ குடிக்கிறோம்.

வேறு சில, வேகமாக. ஒரு ஈவென்ட் கம்பெனி என் பில்லில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் பணம் போடும், போனது போனதுதான் என்று இரண்டு வருஷம் விட்டிருந்தேன். அது என் பெயரில் 26ஏஎஸ் என்ற வரிக் கணக்குப் படிவத்தில் ஏறி இருந்தது, ரிட்டர்னில் காட்டிக் கேட்டால் திரும்ப வரும். ஒரு வருஷத்தது வந்தது, பழையது காலம் கடந்துவிட்டது. 12 லட்சம் வரை வரி இல்லையே, எதற்கு ரிட்டர்ன் என்பவர்களுக்கு: புதிய வரி முறையில் அது வரித் தள்ளுபடிக்கான வரம்பு, ரிட்டர்ன் போட வேண்டிய வரம்பு 4 லட்சத்திலேயே ஆரம்பம். வரி இல்லை என்று பேப்பரில் வந்த அந்த 12.75 லட்சத்தில் 75 ஆயிரம் சம்பளக்காரர்களுக்கான கழிவு, நமக்கு இல்லை. உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. நான் அரசு சைட் மாதிரியே இருந்த ஒரு தனியார் சைட்டில் 2,500 ரூபாய் கட்டியிருந்தேன். இதைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார், தன் தலையில்தான்.

அந்த உத்யம் எண் ஒரு தடவை உதவியது. அந்தப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்று எட்டு மாசமாக 38,000 பாக்கி வைத்திருந்தது, வேறு மாநிலத்துக்காரனை நாம் என்ன செய்துவிட முடியும் என்று நானும் விட்டிருந்தேன். பதிவு பெற்ற சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, புகாரை நான் இருக்கிற மாநிலத்தில் இதற்கென்றே உள்ள கவுன்சிலிலேயே கொடுக்கலாம் என்று அக்கா அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தார். புகார் வரைக்கும் போகவில்லை. கடிதம் போன பத்தாம் நாள் 20,000 வந்தது. மீதி இன்னும் வரவில்லை, அந்த ஸ்டூடியோ வேலையும் வருவதில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

குறைகள். ஜூலையில் போகவே போகாதீர்கள், பெஞ்சில் இடம் இருக்காது. 2025ல் ரிட்டர்ன் போடுகிற கடைசித் தேதியை செப்டம்பருக்குத் தள்ளினார்கள் அல்லவா, அந்த வருஷம் கூட்டம் குறையும் என்று பார்த்தால் மூன்று மாசத்துக்கு நீண்டதுதான் மிச்சம். போன் எடுக்க மாட்டார், வாட்ஸாப்பில் கேட்டால் மறுநாள் "வாங்க" என்று ஒரே வார்த்தை. துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக்கொண்டு போனால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். இன்னொன்று எனக்கு உறுத்தியது: ஊரையே பில் கேள், பில் கேள் என்கிறவர், தன் கட்டணத்துக்கு முதல் வருஷம் எனக்கு ரசீது தரவில்லை. கேட்டேன். ஒரு நொடி முறைத்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே டிராயரில் இருந்து புது ரசீதுப் புத்தகம் எடுத்து முதல் தாளை எனக்குக் கிழித்தார். ரிட்டர்னுக்கு 1,500, மாதக் கணக்குக்கு 600. பிரவுசிங் சென்டரைவிட மூன்று மடங்கு. ஆனால் ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்ய வேண்டும் என்பதை நான் மறந்து இருந்தபோது, போனே எடுக்காத அந்த அக்கா 26ஆம் நாள் தானாகக் கூப்பிட்டார். பிரவுசிங் சென்டரில் அது நடக்காது.

இப்போது எனக்கு வங்கிக் கணக்கு இரண்டு. ஸ்டூடியோக்காரர்கள் போடுவதெல்லாம் ஒன்றில் வரும், அதில் இருந்து ஒன்றாம் தேதி எனக்கு நானே 24,000 மாற்றிக்கொள்கிறேன். ஆடியிலும் அதே 24,000தான், ஆவணியிலும் அதேதான். கடனுக்கு இன்னும் ஒரு வருஷ ரிட்டர்ன் சேரட்டும் என்று இருக்கிறேன்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் ஒன்றரையில் இருந்து மூன்றரை வரை பூட்டு, ஞாயிறு கிடையாது. வங்கி ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், மொபைலில் காட்டினால் வாங்க மாட்டார். ஏறும்போது இடது பக்கக் கைப்பிடியைப் பிடிக்காதீர்கள், அது ஆடுகிறது.