ராணுவமா, வளர்ச்சி உதவியா: நான் ஏன் கட்சி மாறினேன்

பயங்கரவாதத்தை ஒடுக்க ராணுவத்தை அனுப்புவதா, வளர்ச்சி உதவி கொடுப்பதா என்று சில வருஷம் முன்னால் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ராணுவம் என்றிருப்பேன். இப்போது வளர்ச்சி உதவி பக்கம். பள்ளிக்கூடம் கட்டினால் பயங்கரவாதம் ஓடிவிடும் என்று நம்பி மாறவில்லை. அல்-கொய்தா தலைவர் பின் லேடன் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளை, அவருக்குப் பின் தலைவரான ஜவாஹிரி டாக்டர், 2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலை முன்னின்று நடத்திய அட்டா கட்டடக்கலை படித்தவர். வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ராணுவம் எங்கே வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ஊரைப் பிடித்து வைத்து வரி வசூலிக்கிறவனிடம் கிணறு வெட்டித் தருகிறேன் என்று போக முடியாது. 2014 ஜூனில் ஐ.எஸ். பயங்கரவாதக் குழு பிடித்த ஈராக்கின் மொசூல் நகரை 2017 ஜூலையில் மீட்டது படைதான். ஒன்பது மாதச் சண்டையில் பழைய நகரம் இடிபாடாகிப் போனது வேறு கதை. ஆனால் இப்படி நிலத்தைப் பிடித்து உட்கார்கிற குழுக்கள் குறைவு. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 பயங்கரவாதக் குழுக்களை அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் ஆராய்ந்தது. முடிவுக்கு வந்தவற்றில் ராணுவத்தால் முடிந்தவை 7 சதவீதம். போலீஸும் உளவும் முடித்தவை 40, அரசியலுக்குள் வந்து முடிந்தவை 43.

சரி, என்னை மாற்றியது இந்தக் கணக்கு இல்லை, பராமரிப்பு. பிடித்ததை, கட்டியதை, அப்புறம் யார் பார்த்துக்கொள்வது?

2008 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் இருக்கும் கஜகி அணைக்கு, மின்சாரம் எடுக்கிற ஒரு டர்பைனைக் கொண்டுபோக ஆயிரக்கணக்கான வீரர்கள், சுமார் நூறு வண்டிகள். சண்டை போட்டுக்கொண்டே போய்ச் சேர்த்துவிட்டார்கள். பொருத்துவதற்கு நூற்றுக்கணக்கான டன் சிமெண்ட் வேண்டும், அதைக் கொண்டுவரப் பாதுகாப்பான சாலை இல்லை, டர்பைன் பாகம் பாகமாக அணைக்குப் பக்கத்திலேயே கிடந்து கடைசியில் 2016-ல்தான் பொருத்தப்பட்டது. இதற்கிடையில் அணையின் பழைய டர்பைன்களிலிருந்து கரண்ட் கிடைத்துக்கொண்டிருந்த ஊர்கள் சிலவற்றில் பில் வசூலித்தது தாலிபான்! இது என் பக்கத்துக்கும் விழுந்த அடிதான், மறைக்கவில்லை.

ஆனால் அதே நாட்டில் தாலிபான் செலவே இல்லாமல் செய்த காரியத்தைப் பாருங்கள். அன்றைய அரசு கோர்ட்டில் லஞ்சம் கொடுத்தும் வருஷக்கணக்கில் இழுத்த நிலத்தகராறை, ஊருக்கே வந்து ஓரிரு நாளில் தீர்த்துக் கொடுத்தார்கள். தீர்ப்பு பிடிக்காதவர்கூட மீற மாட்டார், துப்பாக்கி பயம். அதனால் நான் உதவி என்று சொல்லும்போது கட்டடத்தை நினைக்கவில்லை. லஞ்சம் வாங்காத நீதிபதி, மாதம் தவறாமல் சம்பளம் வருகிற போலீஸ்காரர், இவர்களை இருபது வருஷம் தாங்குகிற பணம். திறப்பு விழா நடத்த முடியாத செலவு என்பதால் கொடுக்கிற நாடுகளுக்கு இதில் ருசி இல்லை.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் என்ற அமைப்பு 2017-ல் ஆப்பிரிக்காவில், தீவிரவாதக் குழுக்களில் தாங்களாகச் சேர்ந்தவர்களைக் கேட்டபோது, கடைசியாகத் தங்களைத் தள்ளிவிட்டது அரசின் நடவடிக்கை என்றவர்கள் 71 சதவீதம். உறவினரோ நண்பரோ கொல்லப்பட்டது, கைதானது, அந்த மாதிரி. படையை அனுப்புவதன் செலவுக் கணக்கில் இது யாரும் எழுதாத வரி.

நான் போர்முனை பார்த்தவன் இல்லை, படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு இடத்தில் இன்னும் தடுமாறுகிறேன். பிலிப்பைன்ஸில் ஒரு பெரிய உதவித் திட்டம் கிடைக்கவிருந்த ஊர்களில் தாக்குதல் கூடியது, அதுவும் வேலை தொடங்குவதற்கு முந்தைய தயாரிப்புக் காலத்தில். திட்டம் ஜெயித்தால் தங்களுக்கு ஆள் கிடைக்காது என்று கிளர்ச்சியாளர்களே கணக்குப் போட்டிருக்கலாம். அந்த சில மாதங்களுக்குக் காவல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காவல் ராணுவமாக இருக்க வேண்டுமா, உள்ளூர் போலீஸே போதுமா என்பதில்தான் மனசு இன்னும் நிலைக்கவில்லை.