பூனைக்குச் சர்க்கரை பார்க்க எந்த மீட்டர்?

நீரிழிவு உள்ள பூனையின் காதில் எடுத்த ஒரே துளி இரத்தம். மனிதருக்கான மீட்டர் 240 என்கிறது, விலங்குகளுக்கான மீட்டர் 310 என்கிறது. எது பழுது என்று தேட வேண்டாம், இரண்டும் தத்தம் கணக்கில் சரிதான். (இங்கே வரும் அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால் 18 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

வித்தியாசம் இரத்தத்திலேயே இருக்கிறது. மனித இரத்தத்தில் குளுக்கோஸின் ஏறத்தாழ 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் (இரத்தத்தின் திரவப் பகுதி) 42 சதவீதம் சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கும். பூனைக்கு 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே இருக்கிறது, சிவப்பணுக்களில் வெறும் 7. மனித மீட்டர் மனிதருக்கான விகிதத்தை வைத்தே கணக்குப் போடுவதால் பூனைக்குக் குறைத்துச் சொல்கிறது. சர்க்கரை குறைவாக இருக்கும்போது இந்த இடைவெளி சின்னது. ஏற ஏற விரியும். அதனால் 'இத்தனை கூட்டினால் சரியாகிவிடும்' என்று ஒரு நிலையான எண் கிடையாது. பெருக்கிப் பார்க்கும் சூத்திரங்களையும் நம்ப வேண்டாம்.

விலங்கு மீட்டர்களில் அதிகம் அறியப்பட்டது ஆல்ஃபாட்ராக். தேவைப்படும் இரத்தம் 0.3 மைக்ரோலிட்டர், குண்டூசித் தலையை விடச் சின்ன துளி. மருத்துவமனை ஆய்வகம் தரும் எண்ணுக்கு மிக அருகில் வருவது இந்த வகைதான். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, இனத்தை மாற்றி வைப்பது. ஆல்ஃபாட்ராக் 2இன் ஸ்ட்ரிப் (இரத்தத்தை உறிஞ்சும் சோதனைப் பட்டை) டப்பாவில் நாய்க்கு ஒரு குறியீடும் பூனைக்கு வேறொன்றும் அச்சாகியிருக்கும். நாய்க் குறியீட்டில் விட்டுவிட்டால் எண் தவறும். மீட்டரோ எந்தப் பிழையும் காட்டாது. ஆல்ஃபாட்ராக் 3இல் குறியீட்டுத் தொல்லை இல்லை, பூனை என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் பழைய மாடலின் ஸ்ட்ரிப் புதியதில் ஏறாது. இந்த வகையின் நிஜமான பலவீனம் ஸ்ட்ரிப்தான்: விலை அதிகம், எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. ஞாயிறு இரவு டப்பா காலியானால் கதை முடிந்தது.

மாதத்துக்கு எத்தனை ஸ்ட்ரிப் என்று முதலில் எண்ணிவிடுங்கள். தினம் இரண்டு இன்சுலின் ஊசிக்கு முன் இரண்டு, மாதம் 60. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுவேளையில் ஒன்று, 15. இரண்டு மணிக்கு ஒருமுறை என்று சர்க்கரை ஏறி இறங்குவதைக் காட்டும் 12 மணி நேர வரைபடம் எடுத்தால் ஒரே நாளில் 7. ரத்தம் போதாமல் வீணாவது, குறிப்பாக முதல் மாதத்தில், 10க்குக் குறையாது. ஆக 90க்கு மேல். மீட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால்தான் பெரும்பாலான வீடுகளுக்கு மனித மீட்டரே போதும் என்பது எங்கள் கணிப்பு. எதை வாங்குவது? பெட்டியில் 'துல்லியம்' என்று போட்டிருப்பதை விட, எவ்வளவு இரத்தம் கேட்கிறது என்று பாருங்கள். ஃப்ரீஸ்டைல் லைட்டுக்கு 0.3 மைக்ரோலிட்டர், கான்டூர் நெக்ஸ்டுக்கு 0.6. ஒரு மைக்ரோலிட்டர் கேட்கும் பழைய மாடல்களைப் பூனைக்கு வாங்கவே வேண்டாம். காதின் ஓரத்தில் அவ்வளவு எடுக்கப் பலமுறை குத்த நேரும். அடுத்தது, முதல் துளி போதவில்லை என்றால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு துளி சேர்க்க விடுமா என்பது. சில மீட்டர்கள் 60 நொடி வரை அவகாசம் தருகின்றன. துள்ளும் பூனையோடு போராடும்போது இதன் அருமை தெரியும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, மனித மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197இன் 2013 பதிப்பு கேட்பது இது: 95 சதவீத முடிவுகள், 100க்குக் கீழே 15 மில்லிகிராமுக்குள்ளும் 100இலிருந்து மேலே 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அதுவும் மனித இரத்தத்தில். உண்மை 300 என்றால் 255ம் சரி, 345ம் சரி. அடுத்தடுத்து எடுத்த இரண்டு எண்கள் 40 விலகினால் இன்சுலினைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஆபத்து இன்னொரு இடத்தில் இருக்கிறது: ஒரு மீட்டருக்குச் சொன்ன எல்லையை மற்றொன்றுக்குப் போடுவது. தாழ்சர்க்கரைக்கு மனித மீட்டரில் 50 என்றும், விலங்கு மீட்டரில் 68 என்றும் எல்லை வைத்து வீட்டில் பார்ப்பது வழக்கம். மனித மீட்டரின் 60க்கு நிதானமாக இருக்கலாம். அதே 60ஐ விலங்கு மீட்டர் காட்டினால் நிலைமை வேறு. எந்த எண்ணில் ஊசியை நிறுத்துவது, எதில் உணவும் சர்க்கரைப் பாகும் தருவது என்று மருத்துவரிடம் கேட்கும்போது மீட்டரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தள்ளாட்டமோ வலிப்போ வந்துவிட்டால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் ஈறில் பாகைத் தடவிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

இரத்தசோகை உள்ள பூனைக்கு, சிறுநீரகம் பழுதான கிழப்பூனைக்கு அது சகஜம், சிவப்பணு குறைவதால் மீட்டர் உண்மையை விடக் கூட்டிக் காட்டும். தாழ்சர்க்கரை கண்ணில் படாமல் போகும் வழி இது. இத்தகைய பூனைக்கு விலங்கு மீட்டருக்குச் செலவழிப்பது நியாயம். அப்போதும் இடையிடையே ஆய்வக முடிவோடு ஒத்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி, தோலில் ஒட்டும் சென்சார். ஃப்ரீஸ்டைல் லிப்ரே மனிதருக்கானது, ஆனாலும் பூனைக்கும் ஒட்டுகிறார்கள். முடியை மழித்து, கழுத்தின் பின்புறத்திலோ விலாப்பக்கத்திலோ பொருத்துவார்கள். குத்தாமல் நாள் முழுக்க வரைபடம் கிடைக்கும் என்பது இதன் பெரிய லாபம். மருத்துவமனைப் பயத்தில் எகிறும் சர்க்கரையும் குழப்பாது. ஆனால் 14 நாள் ஓடவேண்டியதைப் பல பூனைகள் அதற்கு முன்பே பிய்த்துவிடும். சென்சார் படிப்பது திசு நீரின் சர்க்கரையை, அது இரத்தத்துக்குச் சற்றுப் பின்னால் வரும். முதல் தலைமுறை சென்சாரின் எல்லை 40 முதல் 500 வரை, அதற்கு வெளியே 'லோ', 'ஹை' மட்டும்தான். முதல் நாள் எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைவான எண் வந்தால் காதில் குத்தி உறுதி செய்யுங்கள். ஆக சென்சார் வாங்கினாலும் மீட்டர் வேண்டும்.

எந்த மீட்டரானாலும் பாதிப் பிழை கையில்தான். காதைக் கை பொறுக்கும் சூட்டில் நனைத்த துணியால் ஒரு நிமிடம் ஒற்றிக் காய விடுங்கள். ஈரம் இரத்தத்தில் கலந்தால் எண் குறையும். ஸ்பிரிட் போட வேண்டாம். காதின் உட்புறம் வாசலைனை மெல்லப் பூசினால் இரத்தம் முடியில் பரவாமல் உருண்டு நிற்கும். இரத்தநாளத்தில் குத்தாமல், நாளத்துக்கும் காதின் ஓரத்துக்கும் இடையே, பின்னால் பஞ்சு மடித்து வைத்து, லான்செட்டை (குத்தும் சிறு ஊசி) கையாலேயே குத்துங்கள். குத்தும் பேனாவின் 'கிளிக்' பல பூனைகளை மிரட்டும். தொடக்கத்தில் 26 முதல் 28 கேஜ் ஊசி (கேஜ் எண் கூடினால் ஊசி மெலிது). சில வாரத்தில் காதில் ஓட்டம் நன்றாகி 30 போதுமானதாகும். துளியின் பக்கவாட்டில் ஸ்ட்ரிப்பின் நுனியைத் தொடுங்கள், அதுவே உறிஞ்சும். பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் கன்றாது.

ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை உடனே மூடுங்கள், ஈரம் பட்ட ஸ்ட்ரிப் முன்னறிவிப்பில்லாமல் பொய் சொல்லும். புது டப்பாவைத் திறந்ததும் கட்டுப்பாட்டுத் திரவத்தில் (சர்க்கரை அளவு தெரிந்த சோதனைத் திரவம்) ஒன்றைச் சோதியுங்கள். மீட்டர் மாற்ற நேர்ந்தால் ஒரு வாரம் ஒரே துளியில் இரண்டிலும் எடுத்துக் குறிப்பேட்டில் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். அதுவரை ஊசி அளவைப் பழைய மீட்டரே தீர்மானிக்கட்டும்.