பனியன் கம்பெனிக்கு எம்.பி.ஏ.வா, எம்.எஸ்.டபிள்யூ.வா?

திருப்பூர் அவினாசி ரோட்டில் மாமனார் ஆரம்பித்த பனியன் கம்பெனியில் ஆள் கணக்கு 300ஐத் தாண்டியபோது, ஹெச்.ஆர். என்று தனியாக ஒருவரைப் போட்டே ஆக வேண்டும் என்று சரக்கு வாங்குகிற பையர் தரப்பு ஆடிட்டில் எழுதிவிட்டார்கள். வந்த விண்ணப்பங்களில் மூன்று ரகம். எம்.பி.ஏ. படித்தவர்கள், எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலை படித்தவர்கள், பட்டம் ஏதுமில்லாமல் பல வருஷம் சம்பளக் கணக்குப் பார்த்தவர்கள். நாங்கள் எடுத்தது எம்.எஸ்.டபிள்யூ. முடித்த பெண்ணை. “ஏனுங்க மாப்ள, சேவை பண்றதுக்குப் படிச்ச புள்ளைய இங்க கூட்டியாந்து என்ன பண்றது?” என்றார் மாமா. இன்றைக்கும் அதே பெண்ணைத்தான் வைத்திருக்கிறோம். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை ஒளிக்கவில்லை.

கணக்குக்காரர் ரகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சனிக்கிழமை சம்பளக் கவர் பிசகாமல் போகும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள் கட்டியாகிவிடும். ஆனால் தையல் மெஷின் வரிசையில், அதாவது லைனில், யாருக்கு என்ன மனத்தாங்கல் என்பது அவர் மேஜைக்கு வராது. மாதக் கட்டணத்துக்கு இதே வேலையைச் செய்து கொடுக்கும் கன்சல்டன்ட்கள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

எம்.பி.ஏ.வைக் குறைத்துப் பேச மாட்டேன். எக்ஸெல், ரிப்போர்ட், பையரோடு ஆங்கிலத்தில் மெயில், ஆடிட் அன்றைக்கு ஃபைலை அடுக்கி வைக்கிற நேர்த்தி எல்லாவற்றிலும் அவர்கள் கை ஓங்கித்தான் இருக்கும். எங்கள் பெண் சேர்ந்த புதிதில் பி.எஃப். ரிட்டன் ஃபைலைப் பார்த்து முழித்தாள். கன்சல்டன்ட் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், பழகிக்கொண்டாள். ஒன்றரை ஷிப்ட் முடித்துக் களைத்து வரும் டைலரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதை அந்த மாதிரி உட்கார வைத்துச் சொல்லித் தர முடியுமா என்பது சந்தேகம்தான். எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் வகுப்புக்கு இணையாகக் களப்பணி உண்டு. ஆஸ்பத்திரி வார்டு, குடிசைப் பகுதி, பஞ்சாலை ஹாஸ்டல் என்று வாரா வாரம் போய் வந்து ரிப்போர்ட் எழுதுகிறார்கள். கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி மாதிரி இடங்களில் இந்தப் பாடம் இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளே கிடைக்கிறார்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49வது பிரிவு 500 பேர் இருந்தால்தான் தொழிலாளர் நலனைப் பார்க்கும் வெல்ஃபேர் ஆபீஸர் கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 250. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டத்தில், புகாரை விசாரிக்கும் உள் குழுவுக்கு எடுக்கும் ஊழியர்களில் சமூகப் பணி அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் முடிவெடுத்தது இவற்றை வைத்து அல்ல.

எங்கள் தொழிலில் காசு கரைவது ஆள் வேலைக்கு வராமல் நின்றுவிடும்போது. ஒரு லைனில் சோல்டர், கழுத்து, கை, சைடு மூட்டு எல்லாம் ஓவர்லாக் மெஷினில். கைமடி, கீழ்மடி பேட்லாக் மெஷினில். பேட்லாக் டைலர் ஒருவர் சொல்லாமல் நின்றால் அவர் மெஷினுக்கு முன்னால் பீஸ் மலையாகக் குவியும், பின்னால் இருக்கும் செக்கிங் டேபிள் காலியாகக் கிடக்கும். இப்படி நாலு நாள் இழுத்தால், தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று மிஞ்சாது.

ஆள் நின்ற பிறகு புது ஆள் தேடுவதை யாரும் செய்வார்கள். நிற்கப் போகிறார் என்பது முன்கூட்டித் தெரிய வேண்டும். எங்கள் லைனில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள். இந்தப் பெண் வந்ததும் முதலில் செய்தது, யாருக்கு எது பண்டிகை என்று ஒரு நோட்டில் எழுதியதுதான். ஒடிசாப் பிள்ளைகளுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியை விட, அது கழிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைதான் பெரிது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் சட் முடியாமல் ரயில் ஏற மாட்டான். நாங்களோ வருடா வருடம் தீபாவளிக்கு மறுவாரமே அவனை எதிர்பார்த்து ஷிப்மென்ட் தேதி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து ரயில் டிக்கெட். இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. தன்பாத் எக்ஸ்பிரஸுக்கு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அவளே உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுக்கிறாள். போகிற டிக்கெட்டோடு திரும்பி வருகிற டிக்கெட்டையும் கேட்பாள். “வர்றது அப்புறம் பாத்துக்கலாம் அக்கா” என்று யாராவது சொன்னால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அப்புறம் சாவகாசமாகப் பேச்சுக் கொடுப்பாள். ஒருத்திக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். ஒருவனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் பீஸ் ரேட் கூட்டித் தருவதாகச் சொல்லியிருப்பார்கள். சூப்பர்வைசரின் வாய் தாங்காமல் போகிறவர்களும் உண்டு. கல்யாணத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது, வாழ்த்தி அனுப்பலாம். மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது. எப்படியும் எந்த மெஷின் எந்த வாரம் காலியாகும் என்பது எனக்கு இரண்டு மாதம் முன்னால் தெரிந்துவிடுகிறது. எந்த மென்பொருளும் எனக்கு இதைக் காட்டியதில்லை.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து பார்த்தது. அந்த வாரம் அவள் நோட்டீஸ் எதுவும் ஒட்டவில்லை. இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் வீடியோ கால் போட வைத்து, கேமராவைத் திருப்பி மெஸ்ஸில் வேகிற சோற்றைக் காட்டச் சொன்னாள். எங்களிடமும் சிலர் போனார்கள், இல்லையென்று சொல்லவில்லை. லைன் மட்டும் நிற்கவில்லை.

புகார்ப் பெட்டியைச் சொல்லாமல் விட்டால் மாமாவுக்கே கோபம் வரும். முன்பு அது ஆபீஸ் வாசலில், சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே பூட்டோடு தொங்கியது. அதில் ஒரு சீட்டும் விழுந்ததில்லை. எங்கள் கம்பெனியில் குறையே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்! அவள் அதைப் பெண்கள் பாத்ரூம் போகும் வழிக்கு மாற்றினாள். ஒடியாவிலும் இந்தியிலும் சீட்டு விழ ஆரம்பித்தது. பாதி மெஸ் சாம்பாரைப் பற்றித்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மனிதவளம், மருத்துவம்–மனநலம், சமுதாய வளர்ச்சி என்று பிரிவு உண்டு. கடைசி இரண்டில் படித்தவர்களுக்கு ஆலை வேலை ஒட்டுமா என்று நான் பார்த்ததில்லை. பெண்கள் அதிகமுள்ள பனியன், பஞ்சாலைக்கு நான் சொன்னது பொருந்தும். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் பம்ப், ஃபவுண்டரி நடத்துகிறவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம். இன்னொன்று, இவர்கள் சில நேரம் தொழிலாளி பக்கம் நின்று நம்மிடமே வாதாடுவார்கள். ஓவர்டைம் விஷயத்தில் எங்களுக்குள் நடந்த சண்டை மெஸ் வரைக்கும் கேட்டது. அதைத் தாங்க முடியாத முதலாளி எம்.பி.ஏ.வையே எடுக்கட்டும். 50 பேர் வைத்து ஜாப் ஒர்க் செய்கிற யூனிட்டுக்கு இரண்டு பேருமே தேவையில்லை, கன்சல்டன்ட் போதும்.

எடுப்பதென்றால் மார்க் ஷீட்டோடு களப்பணி ரிப்போர்ட் நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருந்தால் பரீட்சைக்கு முந்தின நாள் உட்கார்ந்து காப்பி அடித்தது. போன வீட்டில் யார் கதவைத் திறக்கவில்லை, மறுவாரம் எப்படித் திறந்தார்கள் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்.