ஏற்காட்டு மழைக்கும் சேலத்துக் கடைக்கும் எந்த இயங்குதளம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான (இயங்குதளமான) விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று செவ்வாய்ப்பேட்டை கடைகளிலும் கேட்கிறார்கள், ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களிலும் கேட்கிறார்கள். எது வேகம், எது அழகு என்ற ஒப்பீடு மலையில் அவ்வளவாக உதவாது. ஐப்பசி மழையில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் போய்விடும். நெட் என்பது பெரும்பாலும் போன் ஹாட்ஸ்பாட்தான். நம் டேட்டாவையும் நேரத்தையும் நம்மைக் கேட்டுச் செலவு செய்கிற இயங்குதளம் எது? நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்தக் கணக்கில் விண்டோஸ் 11 பின்தங்குகிறது. முதல்முறை செட்டப் செய்யும்போதே இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். நாகலூர் பக்கம் ஒரே ஒரு சிக்னல் கோட்டை வைத்துக்கொண்டு இதை முடிப்பது பெரிய சோதனை. அப்டேட்டைத் தள்ளிப்போடலாம், ஆனால் ஒரே மூச்சில் 5 வாரம்தான். அது நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மறுபடி ஆன் செய்ததும் செய்ததையெல்லாம் திருப்பி எடுக்கத் தொடங்கும். அதுவரை பில் போட முடியாமல் காத்திருக்க வேண்டும். ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (டேட்டா அளவோடு கிடைக்கும் இணைப்பு) என்று செட்டிங்ஸில் குறித்து வைத்தால் டேட்டா ஓரளவு தப்பும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இதை இன்றே செய்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பிறகு மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது அந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் கணக்கைத் திறந்து கொடுத்தவர் யார், பாஸ்வேர்டு என்ன என்பது கடைக்காரருக்கு நினைவிருக்காது. கணக்கு வழக்கு முழுவதும் உள்ளே மாட்டிக்கொள்ளும். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாமல் கம்ப்யூட்டரைக் கையில் கொடுப்பது சரியில்லை. அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை என்ற நிபந்தனைகள் வேறு. பழைய பெட்டிகளில் பல இதிலேயே விழுந்துவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-க்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. 4 ஜிபி ராம் இருந்தால் ஓடும், நிறுவ நெட் வேண்டாம், 2029 வரை ஆதரவு உண்டு. எந்த அப்டேட் எவ்வளவு அளவு என்று காட்டிவிட்டு, நாம் சொன்ன பிறகுதான் இறக்கும். இதற்காகவே எனக்கு மின்ட் பிடிக்கும். ஆனால் பாதி அப்டேட்டில் கரண்ட் போனால் இங்கேயும் தொந்தரவுதான். டெர்மினலில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒரு கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் அந்தக் கட்டளை தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். சில லேப்டாப்களில் வைஃபை உடனே வராது. போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் (போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தருவது) போட்டு, டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

மின்ட் உண்மையில் தடுமாறுவது கீழே, டவுனில். கணக்கு எழுதப் பயன்படும் டேலி விண்டோஸுக்கான மென்பொருள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் பழைய எழுத்துருக்களோடு இன்னும் ஓடும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7, 2001-இல் வந்தது. அதற்கும் விண்டோஸ்தான் தோது. எத்தனையோ கடைகளில் உழைக்கும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டரை லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு லினக்ஸ் அந்நியமில்லை. அவர்கள் வேலைக்குப் போன கடைகளில் இருந்த மென்பொருள்தான் அவர்களை விண்டோஸ் பக்கம் கொண்டுபோனது.

மேக் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தமிழில் தட்டச்சு செய்ய அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. பேட்டரி நீண்ட நேரம் நிற்பது மலைக்கு நல்லது. ஆனால் பெரிய அப்டேட் என்றால் பல ஜிபி போய்விடும். இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26-தான் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டதால், மலிவாக வருகிறதே என்று பழைய மேக்கை வாங்காதீர்கள்.

எஸ்டேட் ஆபீஸில் வேலை என்பது வரவு செலவுத் தாள், மெயில், பிரவுசரில் ஜிஎஸ்டி. இதற்கு மின்ட் தாராளமாகப் போதும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடையில் டேலி ஓடுகிறது என்றால் விண்டோஸ் 11-ஐ வையுங்கள். கூடவே ஒரு யூபிஎஸ் வாங்குங்கள், மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போடலாம். அப்படியானால் முதலில் விண்டோஸ், அப்புறம் மின்ட் என்ற வரிசையில் நிறுவுங்கள். மாற்றிச் செய்தால் விண்டோஸ் தன் பூட் மேனேஜரை (ஆன் செய்ததும் இயங்குதளத்தைத் தொடங்கி வைப்பதை) முன்னால் வைத்துக்கொள்ளும், எதில் நுழைவது என்று கேட்கும் மின்ட் மெனு கண்ணில் படாது.