'பி.வி.டி. கோட்டிங்' என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள்

கிச்சன் சிங்க்குக்குக் கறுப்பு, ரோஸ் கோல்டு, ஆன்டிக் நிறங்களில் குழாய் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். பி.வி.டி. என்பது குழாயின் மேல் படிய வைக்கும் கெட்டியான மேல்பூச்சு; அந்தப் பெயரைச் சொல்லி வேறொன்றைத் தலையில் கட்டுகிறார்கள்.

எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர்தான், கோடையில் லாரி தண்ணீர். உப்பு அதிகம் என்பதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் குழாய் கேட்டேன். "மேடம், இது பி.வி.டி. கோட்டிங், உள்ளே முழுக்கப் பித்தளை. பத்து வருஷம் வாரண்டி, உப்புத் தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்றார் சேல்ஸ்மேன். நான் வாங்கியது மேட் கறுப்பு மிக்சர், அதாவது சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய். விலை ஒன்பதாயிரத்துக்கு மேல்.

சில மாதங்களிலேயே குழாயின் அடிப்பாகத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில், சின்னதாக ஒரு கொப்புளம் வந்தது. நகம் பட்டதும் கறுப்பு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. அடியில் பித்தளையின் மஞ்சளைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு உலோகம், அதன் மேல் வெள்ளைப் பொடி. வழக்கமாக வரும் பிளம்பர் குழாயைக் கழற்றி, அடியில் இருந்த மரையைக் காட்டினார். "பித்தளைன்னா இந்த மரை மஞ்சளா இருக்கணும்க்கா. இது ஜிங்க், துத்தநாகம். மேல அடிச்சிருக்கிறது வெறும் பெயின்ட்."

உண்மையான பி.வி.டி. என்பது வெற்றிட அறைக்குள் டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களை ஆவியாக்கிப் படிய வைப்பது. மிக மெல்லிய படலம்தான், ஆனால் கெட்டி. நகத்தால் உரிந்து வரவே வராது. பெயின்ட்டும் பவுடர் கோட்டிங்கும் வேறு வேலை, வேறு விலை. ஷோரூம் வெளிச்சத்தில் பி.வி.டி.யும் இவையும் ஒரே மாதிரி தெரியும். அந்தத் தைரியத்தில்தான் விற்கிறார்கள்.

கடைக்குப் போனேன். முதலில் "ஆசிட் ஊத்திக் கழுவிட்டீங்க" என்றார்கள். பாத்திர சோப்பும் துணியும் தவிர எதுவும் அந்தக் குழாயைத் தொட்டதில்லை என்று சொன்னேன். உடனே பழி தண்ணீர் மேல் போனது. கடைசியில் வாரண்டி அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள். பத்து வருஷம் என்பது, தண்ணீரைத் திறந்து மூட உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஒழுகினால் மட்டும். மேல்பூச்சுக்கு ஒரு வருஷம், அதுவும் உப்புத் தண்ணீர் என்றால் கிடையாது. நான் உப்புத் தண்ணீர் என்று சொல்லிக் கேட்டதற்குத்தானே அந்தக் குழாயை எடுத்துக் கொடுத்தீர்கள் என்றால், பதில் இல்லை. பில்லில் 'மிக்சர் டேப் – பிளாக்' என்று மட்டும் இருந்தது.

அதனால், என்ன பேச்சு பேசினாலும் பில்லில் 'பித்தளை, பி.வி.டி.' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். குழாயைத் தலைகீழாகப் பிடித்து மரையின் நிறத்தைப் பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது, பித்தளையிலும் ஒட்டாது, ஜிங்கிலும் ஒட்டாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே உள்ள சி.எம்./எல். எண்ணை, அதாவது உரிம எண்ணை, 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள், உரிமம் யார் பெயரில் என்று வந்துவிடும். சிங்க்கிலும் இதே கதை உண்டு: 304 ரக ஸ்டீல் என்று சொல்லி, அதைவிட மட்டமான 202 ரகத்தைத் தள்ளிவிடுவார்கள். அங்கேயும் காந்தம் கைகொடுக்காது.

பராமரிப்பில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். டாய்லெட் கிளீனரையும், டைல்ஸ் வேலை முடிந்ததும் தரை கழுவும் ஆசிட்டையும் குழாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சாதாரண வெள்ளி நிறக் குழாயின் மேல் பளபளக்கும் குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அமிலம் அதைத் தின்றுவிடும். அப்புறம் ஊசிமுனை ஓட்டைகள் வழியாகப் பித்தளை பச்சை பூக்கும். அதன் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. வெள்ளைக் கறை படிந்தால், குரோம் குழாய்க்கு மட்டும், தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்துக் கழுவுங்கள். கம்பி நார் கூடாது. உப்புத் தண்ணீர் வீட்டில் இரவு ஈரத்தைத் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

கடை கைவிரித்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். உரிந்த குழாய், மரை, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து இணைத்தேன். இப்போது கடையிலிருந்தே கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். முழுத் தொகையும் வேண்டும் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குழாயைப் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.