பெக் பூச்சா, ஆல்புமின் பூச்சா?

மருந்து சுமக்கும் நானோ துகள் ரத்தத்தில் இறங்கிய சில நொடிகளிலேயே புரதங்கள் மொய்த்துக்கொள்ளும். சி3, ஐஜிஜி என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் ஒட்டினால் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள்) விழுங்கிவிடும்.

பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர்) பூச்சு இந்த ஒட்டலைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து இவ்வகை. முதல் ஊசியில் உருவாகும் பெக் எதிர்ப்பான்கள் அடுத்த ஊசியைச் சீக்கிரமே வெளியேற்றிவிடலாம். திரும்பத் திரும்பப் போடும் மருந்தென்றால் ஆல்புமின் பக்கமே சாய்வோம்.

ஆல்புமின் ரத்தத்தில் லிட்டருக்கு 35–50 கிராம் இருக்கும் சொந்தப் புரதம். சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் செய்து பார்ப்பவர்கள் துகளை ஆல்புமின் கலந்த பிஎச் 7.4 பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்), 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். பிஎச் 4.7ஐ நெருங்கினால் மின்னூட்டம் போய்த் துகள்கள் திரிதிரியாகக் கட்டிவிடும். வெறுமனே ஒட்டிய ஆல்புமினை மற்றப் புரதங்கள் தள்ளிவிடும், வேதிப்பிணைப்பு நல்லது. பிறகு மனிதப் பிளாஸ்மாவில் போட்டு அளவெடுங்கள்: 100 நானோமீட்டர் 300 ஆனால், கட்டிவிட்டது.